தாதாபாய் நௌரோஜி கண்ட தேர்தல் களங்கள்

வென்றவரை வாழ்த்துவதற்கு உலகில் ஆட்களுக்குக் குறைவில்லை. தோற்றவரை நாடிச் சென்று, அவர் எவ்வாறு தோற்றார், தோற்ற மறுநாள் என்ன செய்தார் என்று கேட்டறிபவர் மிகச் சிலரே. ஆனால் ஒருவருடைய மனத்திட்பத்தை அளந்தறிய வெற்றியைவிடத் தோல்வியே சிறந்த அளவுகோல் ஆகும். அவ்வகையில் எண்ணிப் பார்க்கத்தக்க வாழ்வு, இந்தியாவின் முதுபெருங்கிழவர் என்று நாடு போற்றிய தாதாபாய் நௌரோஜி அவர்களுடையது.

1892ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்தியர் என்று நம் பாடநூல்கள் அவரை ஒரு வரியில் கூறிக் கடந்துவிடும். அந்த ஒரு வரிக்கு முன்னும் பின்னும் உள்ள செய்திகள் பலருக்குத் தெரியா. அவர் இலண்டன் மாநகரில் நான்கு முறை தேர்தல் களம் கண்டார். அவற்றுள் மூன்றில் தோற்றார். வென்ற ஒன்றிலும் அவருக்குக் கிடைத்த பெரும்பான்மை ஐந்தே வாக்குகள்! அந்த நான்கு களங்களின் வரலாற்றை இளைய தலைமுறையினர் அறிதல் நலம் பயக்கும் எனக் கருதி இங்கு எழுதலுற்றேன்.

ஆசிரியராய்த் தொடங்கிய வாழ்வு

தாதாபாய் 1825ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயில், பார்சி சமயக் குருமார் குடும்பம் ஒன்றில் பிறந்தார். நான்கு வயதிலேயே தந்தையை இழந்தார். எழுதப் படிக்க அறியாத அன்னை மாணிக்கபாய் பிறர் உதவியை மிகுதியும் நாடாமல் மகனை வளர்த்து ஆளாக்கினார். கட்டணமில்லாப் பள்ளியில் பயின்ற அச்சிறுவர், பின்னர் எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்து கணிதத்தில் தேர்ச்சி பெற்று, 1850களில் அங்கேயே கணிதப் பேராசிரியராய் அமர்ந்தார். அக்காலத்தில் அத்தகைய பதவி இந்தியர் ஒருவருக்குக் கிட்டுதல் அரிதினும் அரிது.

ஊரார் செலவில் கல்வி பெற்ற தாம் ஊராருக்குக் கடன்பட்டவர் என்னும் எண்ணம் அவர் நெஞ்சில் இளமையிலேயே வேரூன்றியது. 1849இல் பெண்களுக்கெனப் பம்பாயில் பள்ளிகள் தொடங்கியபோது அவரும் அவர்தம் நண்பர்களும் ஊதியம் பெறாமல் கற்பித்தனர். பெண்ணுக்கு எழுத்தறிவு எதற்கு என்று வீட்டுக்கு வீடு கதவை அடைத்த காலம் அது. வாயில்தோறும் நின்று, பெற்றோரிடம் பொறுமையாய்ப் பேசி, ஓரிருவராகப் பிள்ளைகளைச் சேர்த்தனர். பிற்காலத்தில் இலண்டன் தெருக்களில் வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்ட பொறுமை, இந்தப் பயிற்சியில் விளைந்ததே என்று ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்த எனக்குத் தோன்றுகிறது.

1855இல் காமா குடும்பத்தாரின் வணிக நிறுவனத்தில் பங்குதாரராகி இங்கிலாந்து சென்றார். மது, அபின் ஆகியவற்றின் விற்பனையால் வரும் ஆதாயத்தில் பங்கு கொள்ள மனம் ஒப்பாமல் அந்நிறுவனத்தினின்றும் விலகினார் என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பின்பு தாமே பருத்தி வணிகம் நடத்தினார். இலண்டன் பல்கலைக் கல்லூரியில் குஜராத்திப் பேராசிரியராகவும் பணியாற்றினார். 1866இல் கிழக்கிந்தியச் சங்கத்தை நிறுவினார். இந்தியாவின் செல்வம் ஆண்டுதோறும் கடல் கடந்து வடிந்து போகிறது என்பதை அரசாங்கத்தின் கணக்குகளைக் கொண்டே மெய்ப்பிக்க முற்பட்டார். கணித ஆசிரியர் கணக்கையே தம் படைக்கலமாகக் கொண்டார்.

பாராளுமன்றத்தை நாடியது ஏன்?

அந்நாளில் இந்தியாவை ஆளும் முடிவுகள் இலண்டனில் எடுக்கப்பட்டன. இந்தியாவுக்கான அமைச்சர் பாராளுமன்றத்துக்குப் பொறுப்பானவர். ஆனால் அப்பாராளுமன்றத்தில் இந்தியருக்காகப் பேச இந்தியர் ஒருவரும் இலர். இந்திய வரவு செலவுக் கணக்கு ஆண்டுக் கூட்டத்தின் கடைசி நாள்களில், உறுப்பினர் பெரும்பாலோர் ஊருக்குச் சென்றபின், வெற்று இருக்கைகளின் நடுவே விவாதிக்கப்பட்டது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. பம்பாயிலோ சென்னையிலோ சட்டமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமை இந்தியருக்கு அன்று இல்லை. ஆனால் பேரரசின் குடிமகன் என்ற முறையில் இந்தியர் ஒருவர் இலண்டனில் வேட்பாளராய் நிற்பதற்குத் தடையில்லை! அந்தச் சிறு வாயிலின் வழியே உள்ளே நுழைய வேண்டும் என்று தாதாபாய் துணிந்தார்.

அவருக்கு முன்னரே வங்காளத்தைச் சேர்ந்த லால்மோகன் கோஷ் 1885இல் டெப்ட்போர்டு தொகுதியில் நின்று தோற்றிருந்தார். அதே ஆண்டில் இந்தியாவின் குறைகளை ஆங்கில வாக்காளருக்கு எடுத்துரைக்க மூன்று மாகாணங்களிலிருந்தும் தூதுவர் மூவர் அனுப்பப்பட்டனர். கல்கத்தாவின் மன்மோகன் கோஷ், பம்பாயின் சந்தாவர்க்கர் ஆகியோருடன் நம் சென்னை மாகாணத்தின் சார்பில் சென்றவர் சேலம் இராமசாமி முதலியார் என்பது நினைவுகூரத்தக்கது.

முதற்களம்: ஹோல்பர்ன், 1886

1886இல் தாதாபாய் இங்கிலாந்து சேர்ந்த சில மாதங்களுக்குள், அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்கும் கிளாட்ஸ்டனின் சட்ட முன்வரைவு தோற்றது. பாராளுமன்றம் கலைந்தது. ஜூலையில் பொதுத்தேர்தல். லிபரல் கட்சி அவருக்கு ஹோல்பர்ன் தொகுதியை அளித்தது. அது கன்சர்வேடிவ் கட்சியின் கோட்டை. வேறு எவரும் விரும்பாத தொகுதி என்பதாலேயே புதியவருக்கு அது கிட்டியது எனலாம்.

களப்பணிக்குக் கிடைத்த காலம் இரண்டு அல்லது மூன்று வாரங்களே. வாக்காளர்கள் அவர் பெயரைக் கேட்டதில்லை. பலருக்கு அதனை ஒலிக்கவும் வரவில்லை. பார்சித் தலையணியை விடுத்து ஆங்கிலேயர் தொப்பியை அணிதல் நலம் என்று நண்பர்கள் அறிவுறுத்தினர். அவர் அதற்கு இணங்கினார். இதனைச் சிலர் குறையாகக் கூறக்கூடும். புறத்தோற்றத்தில் விட்டுக்கொடுத்த அவர் கொள்கையில் சிறிதும் விட்டுக்கொடுத்தாரில்லை. ஆங்கில வாக்காளர் பலர் வெறுத்த அயர்லாந்துத் தன்னாட்சியை அவர் வெளிப்படையாகவே ஆதரித்தார். தம் நாட்டுக்கு வேண்டும் உரிமையைப் பிறர் நாட்டுக்கு மறுத்தல் நேர்மையன்று என்பதே அவர் நிலை.

முடிவு எதிர்பார்த்தவாறே அமைந்தது. கர்னல் டங்கன் 3,651 வாக்குகளும் தாதாபாய் 1,950 வாக்குகளும் பெற்றனர். கடல் கடந்து வந்த ஒருவருக்கு, இரண்டு மூன்று வாரப் பழக்கத்தில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆங்கிலேயர் வாக்களித்தனர் என்பதனை அவர் கணக்கின் மறுபக்கமாகக் கொண்டார். அவ்வாண்டு இறுதியில் தாயகம் திரும்பி, கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1887இல் மீண்டும் இலண்டனுக்குக் கப்பலேறினார்.

பிரதமரின் சொல் தந்த நன்மை

1888ஆம் ஆண்டு நவம்பரில் பிரதமர் சாலிஸ்பரி பிரபு எடின்பரோ நகரில் பேசுகையில், ஹோல்பர்ன் தேர்தலைக் குறிப்பிட்டு, கறுப்பு நிறத்தவர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு ஆங்கிலத் தொகுதி எதுவும் இன்னும் வரவில்லை என்னும் கருத்தைக் கூறினார். நாட்டின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் வாயில் அத்தகைய சொல் பிறந்தது கண்டு நேர்மையுள்ளம் படைத்த ஆங்கிலேயர் நாணினர். செய்தித்தாள்கள் கண்டித்தன. தாதாபாயைவிடச் சாலிஸ்பரியே நிறம் குறைந்தவர் என்று நகைத்தவரும் உண்டு. 1889 ஜனவரியில் நேஷனல் லிபரல் கிளப் தாதாபாய்க்கு விருந்தளித்துச் சிறப்பித்தது.

ஒரே இரவில் அவர் பெயர் நாடெங்கும் பரவியது. இழிவுரைக்கு இழிவுரையால் மறுமொழி கூற அவருக்கு வாய்ப்பும் உரிமையும் இருந்தன. அவர் அதனைச் செய்யவில்லை. சினத்தை அடக்கினார், அச்சொல்லால் விளைந்த நற்பெயரை மட்டும் பயன்கொண்டார். சினம் காத்தவர்க்கு அதுவே துணையாயிற்று.

சொந்தக் கட்சியில் எதிர்ப்பு

இதற்குள் சென்ட்ரல் பின்ஸ்பரி என்னும் தொகுதியின் லிபரல் வேட்பாளராகத் தாதாபாய் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். கிளார்க்கன்வெல் பகுதியை உள்ளடக்கிய அத்தொகுதி, கடிகாரம் செய்வோரும் நகைத்தொழிலாளரும் அச்சுத்தொழிலாளரும் மிகுந்தது. ஆனால் கட்சியின் ஒரு பகுதியினர் அத்தேர்வை ஏற்க மறுத்து வேறொருவரை முன்னிறுத்தினர். கருத்து வேறுபாடு பிளவாக வளர்ந்தது. அயல்நாட்டவரை நிறுத்தினால் தொகுதியை இழப்போம் என்பதே எதிர்த்தவர்களின் வாதம். ஒதுங்கிக்கொள்ளுமாறு அறிவுரைகள் பல திசைகளிலிருந்தும் வந்தன.

நான்கு ஆண்டுகள் இப்பூசல் நீடித்தது. எதிர்க்கட்சியார் எதிர்ப்பது இயல்பு, அதனைத் தாங்கிக்கொள்ளலாம். உடனிருப்பவரே ஒதுங்கிப் போ என்னும்போதுதான் மனம் தளரும். ஆனால் தாதாபாய் முறைப்படி நடந்த தேர்வில் தாம் தேர்ந்தெடுக்கப்பட்டதை மீண்டும் மீண்டும் எடுத்துரைத்து, நின்ற இடத்தில் நின்றார். எவரையும் பழிக்கவில்லை.

அந்நான்கு ஆண்டுகளும் அவர் வீட்டிலிருந்து வழக்காடிக்கொண்டிருக்கவில்லை. தொழிலாளர் மன்றங்கள், மதுவிலக்குச் சங்கங்கள், பெண்கள் உரிமைக் கூட்டங்கள் என ஓயாது சென்று பேசினார். தொழிலாளருக்கு எட்டு மணி நேர வேலை வேண்டும் என்றார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்றார். பிரித்தானியப் பெண்களுக்கே பாராளுமன்றத் தேர்தலில் வாக்கில்லாத காலம் அது. வாக்களிக்க இயலாதவருக்காகப் பேசுவதால் வேட்பாளருக்கு வாக்கு ஒன்றும் கூடப்போவதில்லை. ஆயினும் அப்பெண்கள் அவருக்காக உழைத்தனர். செவிலியர் குலத்தின் அன்னை எனத்தக்க பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் அவருக்கு ஆதரவு தெரிவித்தார்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். உறுப்பினருக்கு ஊதியம் வழங்கும் முறை இங்கிலாந்தில் 1911இல்தான் வந்தது. அதற்கு முன் தேர்தல் செலவும் பதவிக்காலச் செலவும் வேட்பாளர் தலையிலேயே விழுந்தன. தம் பொருளோடு இந்திய நண்பர்களும் சுதேச மன்னர் சிலரும் அளித்த உதவியைக் கொண்டு அவர் சமாளித்தார். குடும்பத்தினர் பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் இந்தியாவில் இருந்தனர்.

ஐந்து வாக்குகள்

1892 ஜூலையில் பொதுத்தேர்தல் நடந்தது. தாதாபாயை எதிர்த்து நின்றவர் அத்தொகுதியின் அப்போதைய உறுப்பினர் காப்டன் பென்டன். வாக்குகள் எண்ணப்பட்டன. தாதாபாய் 2,961, பென்டன் 2,956. ஐந்து வாக்கு வேறுபாட்டில், அறுபத்தாறு வயதில், தாதாபாய் பாராளுமன்ற உறுப்பினரானார். எதிர்த்தவர் தொடுத்த தேர்தல் வழக்கும் பின்னர்க் கைவிடப்பட்டது. அவர் பெயரை ஒலிக்கத் தடுமாறிய ஆங்கிலேயர், குறுகிய பெரும்பான்மை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களை அவர் பெயரோடு ஒலியொப்புமைப்படுத்தி நகைச்சுவையாய் அழைத்தனர்.

அந்த ஐவர் யாவர்? தெரியாது, மறைவாக்கு முறை 1872 முதலே அங்கு நடைமுறையில் இருந்தது. கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவராக இருக்கலாம்; அச்சுக்கோப்பவராக இருக்கலாம். அவர்களுள் மூவர் அன்று மாற்றி வாக்களித்திருப்பினும் வரலாறு வேறாகியிருக்கும். என் ஒரு வாக்கினால் என்ன ஆகப்போகிறது என்று வாக்குச் சாவடிக்குச் செல்லாமல் இருப்போர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் வேண்டும்.

தம் சமயத்தின் திருநூலான கோர்தே அவஸ்தாவைக் கையிற்கொண்டு அவர் உறுதிமொழி ஏற்றார். தலையணியை மாற்றிக்கொண்டவர் மறையை மாற்றிக்கொள்ளவில்லை. அந்நாளில் பார்சி மக்களின் மொத்தத் தொகை இந்தியாவில் ஒரு லட்சத்தையும் எட்டவில்லை. எண்ணிக்கையில் சிறிய சமூகத்தினராகிய நாம் இதனைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். அவர் பார்சிகளின் வாக்கை நம்பி நிற்கவில்லை. நின்ற தொகுதியில் அவர் இனத்தவர் வாக்கு இருந்ததென்று சொல்லவும் இயலாது. தம் சமூகத்துக்கென ஏதும் கேட்கவுமில்லை. இந்தியர் அனைவருக்காகவும், பின்ஸ்பரி தொழிலாளருக்காகவும் பேசினார்.

1893 ஜூன் மாதத்தில் ஒரு தீர்மானம் அவையில் நிறைவேறியது. இந்திய ஆட்சிப் பணித் தேர்வை இங்கிலாந்தில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்த வேண்டும் என்பது அது. ஆதரவு 84, எதிர்ப்பு 76. தாதாபாய் பல்லாண்டு வற்புறுத்தி வந்த கோரிக்கை அது. ஆயினும் அரசு அதனைச் செயற்படுத்தவில்லை. அவ்வாண்டிலேயே, மருத்துவராயிருந்த அவருடைய ஒரே மகன் அர்தேஷிர் இந்தியாவில் காலமானார். அந்தத் துயரைச் சுமந்துகொண்டே டிசம்பரில் லாகூர் சென்று, காங்கிரஸ் மாநாட்டுக்கு இரண்டாம் முறை தலைமை ஏற்றார்.

இரண்டு தோல்விகள்

1895இல் மீண்டும் பொதுத்தேர்தல். நாடெங்கும் லிபரல் கட்சிக்கு எதிராக வீசிய காற்றில் சென்ட்ரல் பின்ஸ்பரியும் கைவிட்டுப் போயிற்று. தாதாபாய் தோற்றார். அதே தேர்தலில் மஞ்சர்ஜி பவனகிரி என்னும் மற்றொரு பார்சி, கன்சர்வேடிவ் கட்சியின் சார்பில் இலண்டனின் வேறொரு தொகுதியில் வென்றார். அவர் காங்கிரஸின் கொள்கைகளை எதிர்ப்பவர். தாதாபாய் போட்ட பாதையில் நடந்தே அவருடைய கருத்துக்கு மாறானவர் அவைக்குள் சென்றார். பொதுவாழ்வில் இத்தகைய கசப்பையும் விழுங்க வேண்டியுள்ளது.

தோல்விக்குப் பின் அவர் ஓய்வு கொள்ளவில்லை. இந்தியச் செலவினங்களை ஆராய 1895இல் அமைக்கப்பட்ட வெல்பி ஆணைக்குழுவில் உறுப்பினராய் அமர்ந்து, பின் அதன் முன் தாமே சான்றும் அளித்தார். தம் ஆராய்ச்சிகளைத் தொகுத்து, இந்தியாவின் வறுமையையும் பிரித்தானியப் பண்புக்கு ஒவ்வாத ஆட்சியையும் பற்றிய புகழ்பெற்ற நூலை 1901இல் வெளியிட்டார். உறுப்பினராயிருந்த மூன்று ஆண்டுகளில் ஆற்றிய பணியைவிட இந்நூல் நெடுங்காலம் நின்று பயன் தந்தது.

இறுதிக் களம் 1906 ஜனவரி. தொகுதி வடக்கு லாம்பெத். அப்போது அவருக்கு அகவை எண்பது! இம்முறை கட்சியின் அதிகார வேட்பாளராகும் வாய்ப்புக் கிட்டாமல், தனித்து நின்ற லிபரலாகப் போட்டியிட்டார். லிபரல் கட்சி நாடெங்கும் ஏறத்தாழ 400 இடங்களைக் கைப்பற்றிப் பெருவெற்றி கண்ட தேர்தல் அது. கட்சி தோற்ற ஆண்டில் கட்சியோடு தோற்ற தாதாபாய், கட்சி வென்ற ஆண்டில் தனியே தோற்றார். அவர் பெற்ற வாக்குகள் ஆயிரத்தை எட்டவில்லை. அவ்விடத்தைக் கட்சியின் அதிகார வேட்பாளரே வென்றார். இந்த இறுதிப் போட்டியை அவர் தவிர்த்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. கட்சி வாக்கைப் பிரிக்க முயன்றார் என்ற குறையும் கூறப்படலாம். அவரைப் போற்றுகின்ற நாம் அவர்தம் முடிவுகள் அனைத்தும் பிழையற்றவை என்று வாதிட வேண்டுவதில்லை.

தோல்விக்குப் பின்

ஆனால் அவ்வாண்டு அத்துடன் முடியவில்லை. காங்கிரஸில் மிதவாதிகளுக்கும் தீவிரவாதிகளுக்கும் இடையே பிளவு முற்றிய நேரம். இரு சாராரும் மறுக்க இயலாத தலைவர் ஒருவர் தேவைப்பட்டார். ஜனவரியில் லாம்பெத் வாக்காளர் புறக்கணித்த முதியவரை டிசம்பரில் இந்தியா அழைத்தது. கல்கத்தா மாநாட்டுக்கு மூன்றாம் முறையாகத் தலைமை ஏற்றார். முதுமையால் குரல் தளர்ந்திருந்தமையின் அவர் உரையைக் கோகலே படித்தார். சுயராஜ்யமே இந்தியாவின் குறிக்கோள் என்று அவ்வுரை காங்கிரஸ் மேடையில் முழங்கியது.

இருபது ஆண்டுகள் இலண்டன் வாக்காளரின் வாயிலில் நின்று நியாயம் கேட்டவர், கடைசியில் நியாயம் நம் கையிலேயே இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார் என்று இதனைக் கொள்ளலாம். அவருடைய தேர்தல் தோல்விகள் அவருக்கு மட்டுமன்றி நாட்டுக்கும் கற்பித்த பாடம் அது. மறு ஆண்டு தாயகம் திரும்பி, பம்பாயை அடுத்த வெர்சோவாவில் அமைதியாய் வாழ்ந்து, 1917 ஜூன் 30ஆம் நாள் தமது 91ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

இன்று பள்ளித் தேர்வில் மதிப்பெண் குறைந்தது என்று மனமுடையும் பிள்ளைகளையும், ஒரு முறை வேலை கிட்டவில்லை என்று சோர்ந்து அமரும் இளைஞரையும் நாம் காண்கிறோம். ஊராட்சி வார்டுத் தேர்தலிலோ கூட்டுறவுச் சங்கத் தேர்தலிலோ நிற்கத் தகுதியுடைய நல்லோர் பலர், நம்மவர் எண்ணிக்கை குறைவு, நமக்கு யார் வாக்களிப்பார் என்று ஒதுங்கிவிடுவதையும் காண்கிறோம். அவர்களிடம் தாதாபாயின் கதையைக் கூறுங்கள். முதல் தோல்வியில் கிடைத்த 1,950 வாக்குகளை அவர் எண்ணிப் பார்த்த விதத்தைக் கூறுங்கள். தம்மை இழித்துரைத்தவரைத் தாம் இழித்துரையாத அடக்கத்தைக் கூறுங்கள். எண்பது வயதில் தோற்றபின்னும் அதே ஆண்டில் கடல் கடந்து வந்து ஒரு நாட்டுக்கு வழிகாட்டியதைக் கூறுங்கள். பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள்.